பாதிக்கும் கீழே

கம்பெனி சொல்லிவிட்டது:
இந்த வளையத்துக்கு இனி லென்ஸ் வராது.
உதிரிபாகம், இருக்கும்வரை.

மறுவாரமே கோவையிலிருந்து ஜோவாகிம்,
கல்யாணப் படம் எடுப்பவர், போன் பண்ணினார்.
"முந்நூறு எம்எம். பாதிக்கும் கீழே. வேணுமா?"
ஏழு வருஷமாய்க் கடைக்கு வெளியே நின்று
நான் பார்த்த விலை
தானே படியிறங்கி வந்தது.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பார்சல்.
கோத்தகிரி ஸ்டாண்டில், நான் வாங்கிய விதத்தைப் பார்த்து
"உள்ள என்ன பெள்ளியண்ணா, குழந்தையா?"
என்றார் கண்டக்டர்.

ஃபேக்டரியில் கொழுந்து எடை போடுகிறவன் நான்.
மழைநாளில் ஈரத்துக்குக் கழிக்காமல்
எந்த மூட்டையும் எழுதியதில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
பின்கண்ணாடி ஓரத்தில் பூஞ்சை,
சோப்பில் ஒட்டிய முடி மாதிரி.
அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு, லாங்வுட் சோலை.
மேகம் தரையில் உட்கார்ந்திருக்கிறது.
லென்ஸ் முன்னும் பின்னும் உருள்கிறது,
பஸ் கிளம்பும் நேரத்தில்
சட்டைப்பையில் சில்லறை துழாவும் விரல்போல.
சட்டென்று நிற்கிறது.

வெள்ளைப் புருவம், துருநிற வயிறு,
அலகில் பாதிப் புழு.
சிரிப்பான்!
பத்தொன்பது படம். பதினேழு மங்கல்.

திரும்ப விற்றால்
ஒரு டீக்கும் வடைக்கும் ஆகலாம்.
விற்கப்போவதில்லை, வாங்கவும் ஆளில்லை,
அந்த மட்டில் கணக்கு நேர்.

மேக்ரோவும் கிடக்கிறதாம் ஜோவாகிமிடம்.
இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.
பேட்டரி மட்டும் இப்போதே
நாலு சொல்லிவைத்திருக்கிறேன்.