நாலு பாகை

கந்தப்பளையில் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறினால்தான்
போனுக்கு இரண்டு கோடு.
தை மாதம், இரவு இரண்டே கால்.
கம்பளிக்கு மேல் கம்பளி,
கையில் ஓர் அணு உலையின் எண்கள்.

உலை கடலுக்கு அப்பால்.
அதன் கற்றையில் மூன்று நாள் கிடைத்தது,
விசா கிடைக்கவில்லை.
கலப்புலோகம் மட்டும் போயிருக்கிறது:
சுண்டுவிரல் நீளம், நிக்கலும் டைட்டானியமும் பாதிப்பாதி,
பார்சலில் என் கையெழுத்து.

நியூத்திரன்கள் அதற்குள் நுழைந்து
எதையும் உடைக்காமல் சிதறி வருகின்றன.
எந்தக் கோணத்தில் எத்தனை என்று எண்ணினால்
உள்ளே யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும்.
நிக்கல் நேர்க்குறியில் பதில் சொல்லும்,
டைட்டானியம் மறைக்குறியில்.

ஒன்பது பாகை. வரைபில் ஒரே உச்சி.
ஏழு. அதே உச்சி, அடி கொஞ்சம் அகலம்.
அங்கே இரவுமுறையில் இருக்கும் மார்த்தா எழுதுகிறாள்:
ஆறு. பொறு.
பிறகு சிக்னல் போய்விட்டது.

கீழே லீக்ஸ் ஏற்றிய லொறியிலிருந்து
ஞானசீலன் டோர்ச் அடித்தார்.
"யாரு அது, டாங்கிக்கு மேல?"
"நான்தான், நிரோஜினி."
"இந்தப் பனியில என்னா வேலை?"

இறங்கி, பையிலிருந்த கம்பியை நீட்டினேன்.
அதே வார்ப்பின் மிச்சத் துண்டு.
வளையுங்க. வளைத்தார்.
கொக்கிபோல் அப்படியே நின்றது.
இப்ப கைக்குள்ள பொத்துங்க.
மண் அப்பிய கை, சூடேற நேரம் பிடித்தது.
விரலிடுக்கில் அது நெளிந்ததும்
"அடேய்" என்று உதறினார்.
நேரான கம்பியைப் புல்லில் இருவரும் தேடினோம்.

ஓர் அணுவும் பக்கத்து அணுவை விட்டுப் போகவில்லை;
ஓர் அணு அகலம்கூட இல்லை,
எல்லாரும் ஒன்றாய்ச் சரிந்து ஒன்றாய் நிமிர்ந்தார்கள்.
அதை நான் சொல்லவில்லை.
சரிந்த பாகையிலேயே நிமிராது,
இன்னும் இருபது பாகை சூடு கேட்கும், அவ்வளவுதான் சொன்னேன்.
"கடன் மாதிரி," என்றார்.
"வாங்கினது ஒரு கணக்கு, தீக்கிறது வேற கணக்கு."
லொறி தம்புள்ளைக்குக் கிளம்பியது.

நாலு மணிக்கு மறுபடி ஒரு கோடு.
மார்த்தாவின் படம்:
ஒற்றை உச்சி இருந்த இடத்தில் நான்கு,
ஒன்று சரியாகத் தெரியவில்லை.
வெப்பநிலை நாலு.
பம்ப் அறைச் சுவரில் ஆணியடித்த வெப்பமானியும்
ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில்.
பாத்தியில் யாரோ உருளைக்கிழங்கு இலைக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள்,
வெயில் வருமுன் உறைபனியைக் கழுவ.

பதில் எழுத விரல் மடங்கவில்லை.
கக்கத்தில் வைத்துக்கொண்டு
காத்திருக்கிறேன்.