இடக்கை ஊர்

பழையபேட்டையில் என் கடை.
கண்ணாடி அறுப்பேன், படங்களுக்குச் சட்டம் போடுவேன்.

கிரானைட் திம்மராயப்பா கொண்டுவந்தார்,
குழாய்க்குள் சுருட்டிய ஒரு பழைய தாள்.
லண்டனில் ஏலம் எடுத்ததாம்;
விலையை இரண்டு தடவை சொன்னார்.
"நம்ம கிருஷ்ணகிரிதான் ஷம்ஷாத்,
இருநூறு வருஷத்துக்கு முந்தி.
தேக்குச் சட்டம் போடு.
ஆபீசில் என் சேருக்குப் பின்னால மாட்டணும்."

விரித்து, மூலைக்கொரு ஆணி டப்பா வைத்தேன்.
செம்புத் தகட்டில் கீறி மையொற்றிய கோடுகள்,
எறும்புக் காலைவிட மெலிசு.
மலை, அதன்மேல் கோட்டை.
கீழே சந்தைத் திடல், கொடிக்கம்பம்,
ஒரு மசூதி, ஒரு கோபுரம்,
செத்துப்போன எந்தத் துரைக்கோ ஒரு கல்தூண்.

அளவெடுக்கும்போதே உறுத்தியது.
பிறந்த நாளாய்ப் பார்க்கிற மலை,
வகிடு மாற்றிச் சீவிக்கொண்டு வந்த
பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நின்றது.
மசூதி இருக்கவேண்டிய பக்கம் கோபுரம்.
கோபுரத்துப் பக்கம் மசூதி.

வெளிச்சத்துக்காகத் தாளைத் தூக்கித் திரும்பினேன்.
சுவரில் சாய்ந்திருந்த,
மதியம் அறுத்த முகக்கண்ணாடிக்குள்
ஊர் சரியாக இருந்தது.

கண்ணால் கண்டபடியே தகட்டில் கீறிவிட்டான்.
தாளில் அழுத்தியதும்
ஊர் புரண்டு படுத்துக்கொண்டது.
அடியில் பெயரை மட்டும்
ஞாபகமாய் இடவலம் மாற்றி வெட்டியிருக்கிறான்.
பெயரைப் படிக்க முடிந்தால் ஊர் தப்பு.
ஊர் சரியானால் பெயர் வெறும் கிறுக்கல்.

பிறகுதான் பூதக்கண்ணாடி வைத்து
ஆட்களைப் பார்த்தேன்.
சிப்பாய்க்கு வாள் இடது கையில்,
உறை வலது இடுப்பில்.
நாவிதன் இடது கையால் மழிக்கிறான்.
புளிக்காரி இடது கையால் அள்ளித் தருகிறாள்,
வாங்குகிறவனும் இடது கையையே நீட்டுகிறான்.
திடல் முழுக்க ஒருத்தர்கூட
முகம் சுளிக்கவில்லை.

நான் பீச்சாங்கைக்காரி.
வைரமுனைக் கத்தி இந்தக் கையில்தான் கோணாமல் ஓடும்.
இதே கையால் சில்லறை நீட்டினால்
"டேபிள்ல வைம்மா" என்பார்கள்.
வைப்பேன்.
நாணயம் உருண்டு கீழே விழுந்தால்
குனிந்து எடுப்பதும் நான்தான்.

அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டு
அந்தத் திடலில் கொஞ்ச நேரம் நின்றேன்.
புளி வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திம்மராயப்பா மூன்றாம் நாள் வந்தார்.
தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார்.
"சட்டம் ஜோர். ஆனா மலைதான்
என்னமோ மாதிரி இருக்கு, இல்ல?"
இன்னொரு மலையைப் பாதிக்குமேல் அறுத்து
கப்பலேற்றியவர் கேட்கிறார்.
"கண்ணாடியில வெளிச்சம் படுதுண்ணா" என்றேன்.
தலையாட்டினார்.

பணத்தைப் போனில் அனுப்பினார்.
கல்லாமேல் இருந்த சின்னப் பெட்டி கத்தியது:
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் பெறப்பட்டது.
எந்தக் கையால் என்று
அது சொல்லவில்லை.