நாலில் இரண்டு

ஐந்து செமஸ்டரை
ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு
ஒட்டிய வாயின் குறுக்கே
பாதி உறையிலும் பாதி மடிப்பிலும் விழும்படி
கையெழுத்திட்டுத் தந்தார் எட்வின் சார்.
"பிரிச்சா செல்லாது."
நீடாமங்கலம் கேட்டில்
ரயிலுக்காக நின்ற பஸ்ஸில்
முக்கால் மணி நேரம் மடியில் இருந்தது
நான் பார்க்கக் கூடாத என் மார்க்.

அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும்.
'ரெ' என்ற ஒற்றை எழுத்தை அவிழ்த்து
முழு அப்பாவையும் கட்டத்தில் எழுதினேன்.
"அன்புள்ள செல்வி ரெத்தினசாமி" என்று
வந்தது முதல் மின்னஞ்சல்.
உரக்கடை பில்லிலிருந்து நிமிராமல் அப்பா சொன்னார்:
"செல்வியா? உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

பிறகு பட்டியல்.
மண் இயக்கவியல்: ஏற்கப்பட்டது.
கட்டமைப்பு ஒன்று: ஏற்கப்பட்டது. இரண்டு: பாதி.
கணிதம் மூன்றில் நான் விழுந்து எழுந்த தேதிகூட
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.
பாசனப் பொறியியல், நான்கு கிரெடிட்:
இணையாகக் கருத இயலவில்லை.
செய்முறைப் பதிவேடு தேவை.

கடலைத் தள்ளிவைத்து வயல் போட்ட நாடு
ஆற்றின் வாலிலிருந்து போகிறவளிடம்
தண்ணீரை அளந்ததற்குச் சாட்சி கேட்டது.
நியாயம்தான்.
நான் அளக்கவில்லை.

ஆய்வுக்கூடச் சாவி
ஓர் உதவிப் பேராசிரியையோடு கல்யாணமாகி
ஓசூர் போயிருந்தது.
நோட்டில் இருந்த
வினாடிக்கு 0.42 கன மீட்டர்
ஷர்மிளா பேகம் அக்காவுடையது.
அக்காவுக்கு அது இன்னொருத்தியிடமிருந்து.
பதினோரு வருடமாக
வெள்ளமானாலும் வறட்சியானாலும்
ஒரு லிட்டர் குறையாமல்
நோட்டு விட்டு நோட்டு பாய்ந்த
ஒரே வாய்க்கால் அது.

ஸ்கேன் கடையில் பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.
கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை நகர்ந்தது.
இரண்டாம் பக்கத்துக்கு முன் எடுத்துக்கொண்டேன்.
ஐந்து ரூபாயைக் கொடுத்தேன்.

மேட்டூர் திறந்து பன்னிரண்டாம் நாள்
மூணாறு தலைப்பில் பிரிந்த தண்ணீர்
பாமணியாறு வழியே
எங்கள் வாய்க்காலுக்கு வந்தது.
நுரை, தெர்மகோல், ஒற்றைச் செருப்பு
எல்லாம் அதற்கு முன்னால்.
முப்பது மீட்டர் கயிறு. இரண்டு குச்சி.
மிதக்கவிட அரை டஜன் ஆரஞ்சு.
போனில் ஸ்டாப்வாட்ச்.
முதல் பழத்தை வெங்காயத்தாமரை பிடித்துக்கொண்டது.
இரண்டாவதை வாத்துக்கூட்டம் தள்ளிப்போனது.
மூன்றாவது தேறியது.
ஆழம் பார்க்க இடுப்பளவு இறங்கினேன்.
"என்ன புள்ள தொலைச்சே?"
மோட்டார் கொட்டகையிலிருந்து ஒருவர் கேட்டார்.
"0.42" என்றேன்.

கிடைத்தது 0.17.
படம், தேதி, பிழைவீதம் எல்லாம் எழுதி
பழைய நோட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன்.
அந்த ஒரு வரிக்குத்தான்
ராத்திரி ரெண்டு மணி ஆயிற்று.
அதில் அக்காவின் பெயர் இல்லை.

பதினாறு நாளில் பதில்.
நாலில் இரண்டு.
மீதி இரண்டுக்கு அங்கே வந்து
தொடக்கநிலை நீரியல் படிக்க வேண்டும்.
கட்டணம் தனி.

அப்பா பில்லின் பின்பக்கத்தில்
யூரோவை ரூபாயாக்கிப் பார்த்தார்.
அடித்துவிட்டு மறுபடி போட்டார்.
பிறகு கேட்டார்:
"எந்த ரெண்டு?
எறங்கி அளந்ததுக்கா,
அளக்கலைன்னு சொன்னதுக்கா?"

கடிதத்தைத் திரும்பப் படித்தேன்.
அது எதுவும் சொல்லவில்லை.