பதினான்காம் எண்

ஊதா மை. தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற அதே மை.
பின்னங்கால் இரண்டையும் அதில் தோய்த்து
மரச்சந்தின் வாயில் விடுகிறேன்.
அந்தப் பக்கம் இருட்டு. எலிக்கு இருட்டுதான் வீடு.
தரையில் விரித்திருப்பது
மேலப்பாளையம் அச்சகத்தில்
கல்யாணக் கார்டு வெட்டி மிஞ்சிய துண்டுத்தாள்.
ஒன்றின் ஓரத்தில் ‘மணமக’ வரை இருந்தது.
அதன் மேலும் நடந்து போனது.

நல்ல கால் விரல்களை விரித்து வைக்கும்.
நரம்பு நசுங்கிய கால்
விரல்களை ஒடுக்கிக்கொண்டு
கோடாக இழுபடும்.

நசுக்கியது நான்.
மயக்கத்தில் கிடந்த இருபத்துநாலுக்கும்
தொடைச் சதையை விலக்கி
வெள்ளை நூல் போன்ற ஒன்றை
இடுக்கியில் பிடித்து முப்பது நொடி.
எண்ணியவர் இசக்கியப்பன்.
இருபதைத் தாண்டினால் அவர் குரல் வேகமெடுக்கும்.
மூன்றாம் எலியிலிருந்து
கடிகாரம் வைத்துக்கொண்டேன்.

பாதிக்குக் கொழுப்பு மாத்திரை கரைத்த நீர்,
பாதிக்கு வெறும் கோந்துத் தண்ணீர்.
எந்தப் புட்டியில் எது என்பது
துறைத்தலைவர் பீரோவில், ஒட்டிய உறைக்குள்.
எனக்கும் தெரியாது.

அதே மாத்திரையை
இரவு பத்து மணிக்கு விழுங்குகிறார் வாப்பா,
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து.
“காலெல்லாம் கடுக்குதே புள்ள, இதுனாலயா?”
இருக்கலாம் வாப்பா.
நெஞ்சுக்கு நல்லது. சதைக்குச் சிலருக்கு ஆகாது.
நரம்புக்கு என்ன செய்யும் என்றுதான்
உமி வாசம் அடிக்கிற அறையில் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனிக் காற்று ஹைகிரவுண்டில்
ஜன்னலைப் போட்டு அடித்தது.
குற்றாலத்தில் சாரலாம்; எங்களுக்குப் புழுதி.
பதினெட்டாம் நாள்
பதினான்காம் எண் விரல் விரித்தது.
“காசு கேக்க மாதிரில்லா விரிச்சிருக்கு!”
தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார் இசக்கியப்பன்.

பிறகு சொன்னார்.
வள்ளியூர் பைபாஸில் பைக் சரிந்து
முழங்காலுக்குக் கீழே நரம்பு நசுங்கி
மச்சானுக்கு எட்டு மாதமாகப் பாதம் தொங்குகிறது.
செருப்பு நழுவாமல் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு
வாழைத்தார் லோடு எண்ணப் போகிறானாம்.
“இந்த மருந்த அவனுக்கு ஒரு மடக்கு...”
முடியாது என்றேன்.
புட்டியைக் கழுவப் போய்விட்டார்.

இருபத்தெட்டாம் நாள் நரம்பை எடுக்க வேண்டும்.
அதாவது, எலியையும்.
அன்று இசக்கியப்பன் லீவு.
காரணம் எழுதும் இடத்தில் ‘சொந்த வேலை’.
பதினான்கை நான் கடைசியில் வைத்துக்கொண்டேன்.
அது கையில் வந்து ஏறியது, தினமும் போல.

ஆடி பாதியில் உறை பிரிந்தது.
மாத்திரை குடித்தவை
நாலு நாள் முந்தியிருக்கின்றன.
சராசரிதான். பன்னிரண்டு எலி போதாது என்று
கடைசிப் பத்தியில் எழுத வேண்டும்.

“நம்ம பதினாலு?”
கோந்துத் தண்ணி, அண்ணே.
“வெறும் தண்ணியா?”
வெறும் தண்ணி.
வாளியைக் கீழே வைத்தார்.
“அப்போ தானா வந்திருக்கு.”
சிலது வரும், ரொம்ப மெதுவாக,
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

அவர் சுவரில் சாய்ந்து
தன் முழங்காலில் கட்டைவிரலை ஊன்றிக்
கீழே சாண் போட்டார்.
ஒன்று.
இரண்டாவது பாதியில் கை நின்றது.
“எட்டு மாசத்துக்கு எம்புட்டும்மா வரும்?” என்றார்.