பீரோவுக்குப் பின்னால்

பகலெல்லாம் கறை எடுப்பது என் பிழைப்பு.
திருப்பூரில், அவிநாசி ரோட்டோரம் ஒரு பனியன் கம்பெனி.
கையில் ஸ்ப்ரே துப்பாக்கி, ஷிஃப்டுக்கு நானூறு பீஸ்.
எண்ணெய்ப் பொட்டு, துருப் பொட்டு,
எவனோ சிந்திய டீ.
வெள்ளையை மறுபடி வெள்ளையாக்கிக் கொடுத்தால்
அது கப்பலேறிப் போகும்.

ஐப்பசி அடைமழை கார்த்திகையிலும் விடவில்லை.
விழுந்த கம்மலைத் தேடி பீரோவை நகர்த்தினேன்.
சுவரில்
ராகி மாவை வாய்நிறைய ஊதி விட்டாற்போல்
கருப்பாய், பச்சையாய்,
பூசணம்.
கம்மலும் அங்கேதான் கிடந்தது.

தர்ஷிகாவின் நெஞ்சுக்குள்
ராத்திரியானால் ஒரு பூனைக்குட்டி கத்தும்.
டாக்டர் ரெண்டு மாசமாய்க் கேட்கிறார், எதனால் என்று.
நானும் ஐஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் மயிலானந்தம் எட்டிப் பார்த்தார்.
"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்களே அம்மணி,
தைக்கு ஒரு கோட்டு இழுத்து உட்டாப் போச்சுங்."
போன தைக்கும் இழுத்தது அவர்தான்.
அந்தச் சுண்ணாம்பைத் தின்றுவிட்டு
அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது இது.

டேபிளில் பக்கத்தில் நிற்கும் பாப்பாத்தியக்கா சொன்னாள்,
பிளீச்சிங் பவுடரில் கக்கூஸ் ஆசிட்டைக் கலந்து ஊத்து,
ஒரே ஊத்து, ஓடிப்போகும்.
எங்களில் யார் ஓடுவது?
பட்டறையில் ரெண்டு கேனை ஒன்றாய்க் கவிழ்த்த பையனை
நாலு பேர் தூக்கி வந்ததைப் பார்த்தவள் நான்.
எதையும் எதோடும் கலக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
பிள்ளையைப் பல்லடத்துக்கு நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினேன்.
ஜன்னலைத் திறந்தேன், ஃபேனை நிறுத்தினேன்.
சுற்றவிட்டால் அது வீடு முழுக்க விதைத்துவிடும்.
மெடிக்கலில் வாங்கிய, மூக்கை இறுக்கும் மாஸ்க்.
முழங்கை வரை ரப்பர் உறை.
கண்ணுக்குத் தம்பியின் நீச்சல் கண்ணாடி.
வாசலில் வந்த கேஸ்காரர்
சிலிண்டரை இறக்காமலே நின்றார்.

வறட்டு விளக்குமாறு ஆகாது, கிளம்பும்.
சோப்புத் தண்ணீர், ஈரத்துணி,
ஒரு துடை, ஒரு மடிப்பு,
அழுக்கானதும் பைக்குள் போட்டு முடிச்சு.
பீரோவின் முதுகையும் துடைத்தேன்.
மெத்தையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை,
பஞ்சுக்குள் போய்விட்டிருந்தது.
குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன்.
ரெண்டு தவணை இன்னும் பாக்கி.

ஒன்பதாம் நாள்
அதே இடத்தில் வந்து நின்றது.
மழை விட்டு, வெயில் காய்ந்து,
மொட்டை மாடியில் மிளகாய் சலசலக்கும்போதும்
சுவர் மட்டும் குளிர்ந்து கிடந்தது.
இந்த முறை கதவளவு.
கறை என்றால் என் கைக்குப் போயிருக்கும்.
இது கறை இல்லை.
சுவர் எதையோ குடித்துக்கொண்டிருக்கிறது.

ஐநூறு ரூபாய், வந்து பார்க்க மட்டும்.
என் ஒருநாள் கூலி.
உடுமலை ஷாகுல் வந்தார்,
ரெண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரோடு.
காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவரில் அங்கங்கே குத்தினார்.
தரையோரம் சும்மா இருந்தது.
மேலே போகப் போகக் கத்தியது.
விட்டத்துக்குக் கீழே
விடாமல் கத்தியது.

அதற்கு நேர் மேலே
வீட்டுக்காரர் குளிக்கிற ரூம்.
சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து
அவர் தலைமுழுகிய தண்ணீரில் பாதி
டைல்ஸ் இடுக்கில் இறங்கி
எங்கள் சுவருக்குள் தங்கியிருக்கிறது.

மயிலானந்தம் மீட்டரைக் கையில் வாங்கி
தன் வீட்டுச் சுவரில் வைத்துப் பார்த்தார்.
அதற்கப்புறம் அவர் சுண்ணாம்பைப் பற்றிப் பேசவில்லை.
செலவைப் பற்றியும் பேசவில்லை,
அதை நான்தான் பேச வேண்டியிருந்தது.

"நீங்க தொடைச்சது சுத்தமாத்தான் இருக்குதுங்க்கா"
என்றார் ஷாகுல்.
"குழாயும் பூச்சும் இனி எங்க வேலை.
ஒடைக்கறப்போ பாப்பா இங்க வேண்டாம்."

இப்போது அந்தச் சுவரில் பூச்சே இல்லை.
செங்கல் பல்லிளித்துக் காய்கிறது.
பூனைக்குட்டி சில ராத்திரி வருகிறது,
சில ராத்திரி வருவதில்லை.

கம்பெனியில் பொட்டு வைத்த பீஸ் வந்தால்
துப்பாக்கியை எடுக்குமுன்
உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்.
சூப்பர்வைசர் கத்துகிறார்,
இன்றைக்கு முந்நூற்று நாற்பதுதான் ஆகியிருக்கிறதாம்.