ஆயிரத்து இருபத்துநாலு பைட்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குக்கும் பித்தளைப் பூட்டுக்கும் நடுவே
ஒரு சாக்குப் பொம்மை.
கிலோ நூற்றிருபது என்றார் காசிம்.
என்ன பொம்மை என்று அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

ஒவ்வொன்றின் பாதத்தடியிலும்
செம்புக்கம்பிச் சுருள் ஒன்று,
எள்ளைவிடச் சின்னதாய் ஒரு சில்லு.
பேட்டரி கிடையாது.
பீடத்தில் நிறுத்தினால்தான் உயிர்.
கைமாற்றாய் வாங்கிய அந்த மின்சாரத்தில்
இருப்பதைச் சொல்லும், புதிதை எழுதிக்கொள்ளும்,
எடுத்ததும் செத்துப்போகும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ரீடர் மேல் முதலில் ஒரு டிராகனை வைத்தேன்.
இடது இறக்கையில் நாய்ப்பல்.
லெவல் பதினான்கு.
தங்கம் மூவாயிரத்து இருநூற்றுப் பத்து.
தலையில் சமையல்காரத் தொப்பி.
பெயர் உமையாள், ஆங்கில எழுத்தில்,
ஒரு 'எல்' கூடுதலாக.
கடைசியாக நின்றது இரண்டாயிரத்துப் பதின்மூன்று,
ஒரு புதன்கிழமை,
இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு.
ஒரே கணக்கை இரண்டு இடத்தில்
மாற்றி மாற்றி எழுதும்.
எழுதும்போதே யாராவது வெடுக்கென்று தூக்கினால்
புதியது சிதையும், பழையது நிற்கும்.
பேரேட்டையும் ஐந்தொகையையும் எடைக்குப் போடுகிற தெருவில்
இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உமையாளின் இரண்டாம் ஏடு சிதைந்திருந்தது.
பாதிப் பெயர்.
தங்கத்தின் இடத்தில் குப்பை எண்கள்.
யாரோ வந்திருக்கிறார்கள்.
விளக்கைப் போட்டிருக்கிறார்கள்.
டிராகன் போர்வைக்குள் போயிருக்கிறது.

தேவகோட்டைப் பையன் ஒருவனுக்கு டிராகன்தான் வேண்டுமாம்.
"பழசை அழிச்சிட்டுக் குடுங்கண்ணே,
அவன் முதல்லேர்ந்து ஆடணும்ங்கிறான்."
அழிக்க நாலு நொடி ஆகும்.

அழிக்காவிட்டாலும் போய்விடும்.
சில்லுக்குப் பத்து வருஷம் என்கிறது கம்பெனித் தாள்.
இது பதின்மூன்றாவது.
அலமாரியில் இருந்தாலும் சாக்கில் இருந்தாலும்
மின்னேற்றம் துளித்துளியாய் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்;
ஒருநாள் பதினான்கு
வேறு எண்ணாகிவிடும்.

மணி பதினொன்றரை.
மொத்தத்தையும் படித்தேன்,
அதே எழுத்தை அதே இடத்தில் திரும்ப எழுதினேன்.
நல்ல ஏட்டை நல்லபடி.
சிதைந்ததைச் சிதைந்தபடி,
ஒரு குப்பை எண்ணும் மாறாமல்.
எழுதி முடியும்வரை
கையை எடுக்கவில்லை.

பையனுக்கு ஒரு தவளை கொடுத்தேன்.
யாரும் பெயர் வைக்காத தவளை.
டிராகன் இல்லையா என்றான்.
நாற்பது ரூபாய் குறைத்துக்கொண்டேன்.