பதினான்கு எலுமிச்சை

கோவாசோ சந்தையில்
ஃபிட்டர் இன்கான்சா உள்ளங்கையை விரித்துக் காட்டினான்:
"கிரீஸ் போகத்தான் வாங்கினேன்.
தோலும் கூடவே போகிறது."
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
டூஃபியே எண்ணாமல் காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

கொக்கோ விதை கப்பலேறிவிடும்,
ஓடு இங்கேயே கிடக்கும்.
காயவைத்து எரித்து
சாம்பலைத் துணியில் கட்டி நீர் ஊற்றினால்
சொட்டுச் சொட்டாய் இறங்கும்
தேநீர் நிறக் காரம்.
மிளகாய்க் காரம் நாக்கோடு பேசும்.
இது நாக்கையே கேட்கும்.

பனங்கொட்டை எண்ணெயில் அதை விட்டுக் காய்ச்ச,
மூன்று வாலையும் ஒரே முடிச்சில் வைத்திருந்த கொழுப்பு
அவிழ்ந்துகொண்டது.
இந்தத் தடவை காரம் மிஞ்சிவிட்டது,
அவ்வளவுதான் தப்பு.

அன்றிரவு அண்டாவருகே
அப்ராஃபிக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது:
அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும்.
சோப்பும் ஓர் உப்புதான் என்று
கரும்பலகையில் யாரும் எழுதியிருக்கவில்லை.
பதினான்கு எலுமிச்சையைப் பிழிந்தாள்.

முதல் சில பழங்கள் மிஞ்சிய காரத்தை அடக்கின.
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
மற்றவை சோப்பிடம் போய்
பொட்டாசியத்தைப் பிரித்து விட்டு
வாலை மறுபடி வெறும் கொழுப்பாக்கின.
கறுப்புக் களி திரிந்தது,
கெட்டுப்போன பால் மாதிரி.
மேலே மஞ்சளாய் எண்ணெய்.

"இரண்டு நாள் வேலை" என்றாள் டூஃபியே.
வேறொன்றும் சொல்லவில்லை.
அதுதான் அப்ராஃபிக்குத் தாங்கவில்லை.
எழுந்த வேகத்தில் கையிலிருந்த சோபோலோ
சாம்பல்நீர்ச் சட்டியில் சிந்தியது.
செம்பருத்திச் சிவப்பு
கண்ணெதிரே பச்சையாகி ஓடியது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.
அண்டாவில் ஒரு சொட்டு விட்டார்கள்: சிவப்பு, அப்படியே.

பிறகு விடியும்வரை
அப்ராஃபி அகப்பையால் சாம்பல்நீர் விட,
டூஃபியே கிண்ட,
எரித்தது எதுவோ அதையே திரும்பக் கேட்டு
எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே போயிற்று.
பச்சைக்கு முன்னால், மங்கிய நீலத்தில் நிறுத்தினார்கள்.
நல்ல சோப்பும் சிவப்பாய் நிற்காது.
கொஞ்சம் கோபம் அதன் பிறவிக்குணம்.

வியாழக்கிழமை இன்கான்சாவை இழுத்துவந்து
வாளிக்குள் கையை வைக்கச் சொன்னார்கள்.

வெங்காயம் விற்கும் ஹவுசாக்காரருக்கும்
ட்வி மட்டும் தெரிந்தவளுக்கும் நடுவில்
இரண்டு பக்கமும் பேசிக்
கமிஷன் வாங்கும் பையன் இருப்பானே,
சோப்பு அவன் சாதி.
வால் கிரீஸுக்குள் புகுந்துகொள்ளும்,
தலை தண்ணீரை விட்டு வராது.
நாலு பக்கமும் வால் குத்திய கிரீஸ்
உருண்டை உருண்டையாய்க் கிளம்பும்,
தானும் தண்ணீரின் ஆள்தான் என்ற நினைப்பில்.

வாளி கறுத்தது.
இன்கான்சா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ரேகைகூடத் தெரிந்தது.
"எரியுதா?" என்றாள் அப்ராஃபி.

"நகக்கண்ணில் கொஞ்சம்" என்றான்.
காசை எண்ணிக் கொடுத்தான்.